அறைக்கு உரிமம், கைக்கு எதுவுமில்லை

இந்தியப் பெருநகரம் ஒன்றில் மசாஜ் நிலையம் தொடங்க என்னென்ன வேண்டும் என்று கேட்டால் நீளமான ஒரு பட்டியல் கிடைக்கும். உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம், இடத்துக்கான ஆவணங்கள், பணியாளர்களின் அடையாள அட்டைகள், வருவோர் பெயரைக் குறித்துவைக்கும் பதிவேடு, நுழைவாயிலில் கண்காணிப்புக் கேமரா, சில நகரங்களில் காவல்துறையின் ஒப்புதல். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கலாமா, எந்த நேரத்துக்குக் கடையை மூட வேண்டும், ஆணுக்குப் பெண் மசாஜ் செய்யலாமா என்பதற்கெல்லாம் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. உள்ளே மற்றொருவரின் கழுத்தில் கை வைக்கப்போகிறவர் எங்கே பயின்றார், எவ்வளவு காலம் பயின்றார், எந்தத் தேர்வில் தேறினார் என்ற கேள்விக்கு மட்டும் நாடு முழுமைக்கும் பொதுவான விடை எதுவும் இல்லை.

இதை ஒரு நிர்வாகக் கவனக்குறைவு என்று கடந்துவிட முடியாது. மசாஜ் என்பது இந்திய அரசமைப்புகளின் பார்வையில் காவல்துறைக்கு உரிய ஒழுக்கச் சிக்கலாக இருக்கிறது. கல்விக்கும் தேர்வுக்கும் உரிய தொழிலாக இல்லை. உரிமம் அறைக்கு வழங்கப்படுகிறது. வேலையைச் செய்யும் கைக்கு வழங்கப்படுவதில்லை. இந்தத் தலைகீழ் ஏற்பாட்டின் விலையைப் படுக்கையில் படுத்திருப்பவரும் அருகில் நின்று வேலை செய்பவரும் ஒருசேரக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2021-இல் நடந்த இரு நிகழ்வுகளை எடுத்துக்கொள்ளலாம். அவ்வாண்டு ஆகஸ்டில் டெல்லி அரசு ஸ்பாக்களுக்கும் மசாஜ் நிலையங்களுக்கும் வழிகாட்டுநெறிகளை வெளியிட்டது. ஆண்களுக்குப் பெண்களும் பெண்களுக்கு ஆண்களும் மசாஜ் செய்வதற்குத் தடை, உட்புறத் தாழ்ப்பாள் கூடாது, பொதுப்பகுதிகளில் கேமரா வேண்டும் என்பவை அவற்றின் முதன்மையான கூறுகள். அவ்வாண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் எதிர்ப்பாலினத்தவர் மசாஜ் செய்வதற்கான முழுத் தடையை நிறுத்திவைத்தது. ஆள்கடத்தலையும் பாலியல் சுரண்டலையும் தடுப்பது என்ற நோக்கத்துக்கும் இப்படியொரு முழுத் தடைக்கும் பொருத்தமான தொடர்பு இல்லை என்பது அதன் முதனிலைப் பார்வை. அதே டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர் தமிழ்நாட்டின் ஸ்பாக்களிலும் மசாஜ் நிலையங்களிலும் கேமராக்கள் பொருத்தப்படுவதை உறுதிசெய்யுமாறு ஆணையிட்டார். சில வாரங்களிலேயே, 2022 ஜனவரியில், மதுரைக் கிளையில் அமர்ந்த மற்றொரு நீதிபதி, இத்தகைய கேமராக்கள் அந்தரங்கத்துக்கான அடிப்படை உரிமையைப் பாதிக்கும் என்று மாறுபட்ட தீர்ப்பை வழங்கினார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் அளித்த புட்டசாமி வழக்குத் தீர்ப்பு இதற்கு அடித்தளமாக அமைந்தது.

தடையை நிறுத்திவைத்ததும் கேமராவை மறுத்ததும் வரவேற்கத்தக்கவை. ஆனால் இந்த வாதங்கள் எல்லாம் எதைச் சுற்றி நடந்தன என்பதைப் பார்க்க வேண்டும். யார் யாரைத் தொடலாம், தொடுவதை யார் பார்க்கலாம் என்பதே பேசுபொருள். எப்படித் தொடுவது, எங்கே தொடக்கூடாது என்பதைத் தெரிந்துகொண்டவர்தான் தொட வேண்டும் என்ற எளிய கோரிக்கை அந்த விவாதத்தின் மையத்துக்கு வரவே இல்லை. டெல்லி வழிகாட்டுநெறிகள் கல்வித்தகுதியைப் பற்றிப் பேசிய ஓரிடம் இன்னும் கவனிக்கத்தக்கது. மசாஜ் செய்பவருக்குப் பிசியோதெரபி, அக்குபிரஷர், தொழில்வழிச் சிகிச்சை ஆகியவற்றில் ஒன்றில் சான்று இருக்க வேண்டும் என்றது அது. அதாவது மசாஜ் செய்வதற்கு வேறொரு தொழிலின் சான்றிதழ் கேட்கப்பட்டது. நான்கரை ஆண்டு பிசியோதெரபிப் பட்டம் பெற்றவர் ஸ்பாவில் எண்ணெய் தேய்க்க வரமாட்டார் என்பது விதியை எழுதியவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. மசாஜுக்கென்று ஒரு கல்வி இருக்கக்கூடும் என்பதே அவர்கள் கற்பனையில் இல்லை என்பதைத்தான் இந்த விதி காட்டுகிறது.

அப்படி என்ன கல்வி அதற்குத் தேவை என்று கேட்பவர்கள் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. எண்ணெயை ஊற்றித் தேய்ப்பதற்குப் பாடத்திட்டமா என்ற ஏளனம் கருத்தரங்கத் தேநீர் இடைவேளைகளில் சாதாரணமாகக் கேட்கக்கூடியது. அதற்கான விடை உடலிலேயே இருக்கிறது.

நீண்ட பயணத்துக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ எலும்பு முறிவுக்கோ பிறகு ஒருவரின் கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி, சிவந்து, வலிக்கிறது. பயிற்சி இல்லாதவருக்கு அது பிடித்துவிட வேண்டிய கால். பயிற்சி பெற்றவருக்கு அது தொடவே கூடாத கால். ஆழ்சிரையில் உறைந்திருக்கும் இரத்தக்கட்டி அழுத்தத்தால் பெயர்ந்து நுரையீரலின் இரத்தக்குழாயை அடைத்தால் மரணம் நேரக்கூடும். நீரிழிவால் பாத உணர்வு குன்றிய ஒருவருக்குச் சூடான கிழி வைத்தால் தோல் வெந்துபோவது அவருக்கே தெரியாது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவருக்கு அழுத்தமான மசாஜ் தசைக்குள் இரத்தக்கசிவை உண்டாக்கலாம். எலும்பு அடர்த்தி குறைந்த மூதாட்டியின் விலா எலும்பை, மற்றொருவருக்கு இதமாக இருக்கும் அதே அழுத்தம் முறித்துவிடலாம். காய்ச்சல், தோல் தொற்று, ஆறாத புண், புடைத்த சிரை, புற்றுக்கட்டி உள்ள இடம், கர்ப்பகாலம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியான எச்சரிக்கைகள் இருக்கின்றன. எதையும் செய்வதற்கு முன் எதைச் செய்யக்கூடாது என்று கற்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம்.

நாடெங்கும் முடிதிருத்தகங்களில் தலைக்கு எண்ணெய் தேய்த்து முடித்ததும், தாடையையும் உச்சந்தலையையும் பிடித்துக் கழுத்தைச் சட்டென்று ஒருபுறமாகத் திருப்பிச் சொடக்கெடுக்கும் வழக்கம் உண்டு. கழுத்தெலும்புகளின் துளைகளின் ஊடாக மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் இருபுறமும் ஏறிச் செல்கின்றன. திடீர்த் திருப்பலில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் ஏற்படக்கூடும் என்பது மருத்துவ இலக்கியத்தில் நன்கு பதிவான செய்தி. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் முதுகெலும்பு மூட்டுகளை வேகமான உந்தலால் அசைப்பது கட்டுப்படுத்தப்பட்ட செயல்களில் ஒன்று. சட்டம் அனுமதித்த தொழிலினர் தவிர வேறு யாரும் அதைச் செய்யக்கூடாது. இங்கே அது முடிதிருத்தலுடன் கிடைக்கும் இலவச இணைப்பு. செய்பவர்மீது பழிபோடுவதற்காக இதைச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு. அந்தக் குற்றச்சாட்டு அவருக்கு மேலே இருப்பவர்களைத்தான் சேரும்.

கல்வி என்பது உடற்கூறியல் மட்டுமன்று. அது மொழியும் ஆகும். வந்தவர் தம் வலியை எந்தச் சொல்லால் சொல்கிறார் என்பது செய்பவருக்குக் கிடைக்கும் முதல் தடயம். தமிழில் வலிக்கு ஒரு சொல் இல்லை. குத்தல் வேறு, குடைச்சல் வேறு, கடுப்பு வேறு, உளைச்சல் வேறு. சுளுக்கு என்பவரும் பிடிப்பு என்பவரும் மரத்துப்போகிறது என்பவரும் ஒரே செய்தியைச் சொல்லவில்லை. இடுப்பிலிருந்து காலுக்கு மின்னல்போல இறங்குகிறது என்று ஒருவர் சொன்னால் நரம்பு அழுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐயுற்று மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நாள்முழுதும் நின்று வேலை பார்த்ததால் உளைகிறது என்று சொன்னால் அந்த முதுகில் தாராளமாக வேலையைத் தொடங்கலாம். இந்தியும் வங்காளியும் மணிப்புரியும் தத்தமக்கே உரிய வலிச்சொற்களைக் கொண்டவை. ஆனால் திறன் பயிற்சிக்கான ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பின்னர் யாருக்கும் புரியாத பெயர்ப்புகளாக வகுப்பறைக்கு வருகின்றன. வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தெரபிஸ்ட் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்கிறார். விடை வேறொரு மொழியில் வருகிறது. மிசோரமிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்கு வந்த ஒரு பெண்ணுக்கும் அவரிடம் வரும் முதியவருக்கும் பொதுவாக இருப்பது சைகை மட்டுமே என்றால், அங்கே உடல்நிலையைக் கேட்டறிதல் எப்படி நடக்கும்? ஒப்புதல் எப்படிப் பெறப்படும்? தொழில்தரத்தைப் பற்றிய எந்த உரையாடலும் மொழியைத் தொடாமல் முடிய முடியாது.

மசாஜ் எதைச் செய்யாது என்பதையும் அந்தக் கல்வி சொல்லித்தர வேண்டும். உடலின் நச்சுகளை வெளியேற்றும், நீரிழிவைக் குணமாக்கும், தண்டுவட வட்டை இடத்தில் பொருத்தும் என்ற விளம்பரங்கள் எங்கும் காணக்கிடைக்கின்றன. சான்றுகள் இவ்வளவு தாராளமாக இல்லை. கீழ்முதுகு வலிக்கான மசாஜ் பற்றிக் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட திறனாய்வு, குறுகிய காலத்தில் வலி ஓரளவு குறையக்கூடும் என்றும், ஆய்வுகளின் தரம் தாழ்ந்திருப்பதால் அந்த முடிவின்மீது உறுதி மிகக் குறைவு என்றும் கூறியது. இதை நேர்மையாகச் சொல்லத் தெரிந்தவர்தான் தொழில்முறையாளர். குறுகிய கால ஆறுதலே ஒருவருக்குப் பெரிய பேறாக இருக்கலாம். அதற்குப் பொய்யான நோய்தீர்ப்பு உறுதிமொழிகள் தேவையில்லை.

இப்போது நாட்டில் இருக்கும் கல்வியைப் பார்க்கலாம். ஒரே கைவேலை இரண்டு துறைகளாகப் பிளக்கப்பட்டிருக்கிறது. அழகு மற்றும் நலவாழ்வுத் துறைக்கான திறன் குழுமம் ஸ்பா தெரபிஸ்ட் என்ற பணிக்குத் தகுதிவரையறை வைத்திருக்கிறது. சுகாதாரத் துறைக்கான திறன் குழுமத்தின் பட்டியலில் பஞ்சகர்மா தொழில்நுட்பர் இருக்கிறார். கேரளத்தில் ஆயுர்வேத மருத்துவக் கல்வி இயக்ககத்தின் மேற்பார்வையில் ஆயுர்வேதத் தெரபிஸ்டுகளுக்கான ஓராண்டுப் படிப்பு நடக்கிறது. இவற்றுக்கு அப்பால், சில நாள்களில் ‘சர்வதேசப் பட்டயம்’ வழங்கும் தனியார் அகாதமிகள் ஊருக்கு ஊர் உள்ளன. முதுகில் எண்ணெய் தேய்ப்பவர் ஒரு சான்றிதழின்படி அழகுத் துறையினர், மற்றொன்றின்படி சுகாதாரத் துறையினர், மூன்றாவதன்படி சர்வதேச நிபுணர். இம்மூவருக்கும் பொதுவான தேர்வு கிடையாது. மூவர் பெயரும் இடம்பெறும் பதிவேடு கிடையாது. தவறு நேர்ந்தால் முறையிடத் தொழில்சார் அமைப்பு கிடையாது. மேலும், இந்தச் சான்றிதழ்களில் எதுவும் இல்லாத ஒருவர் நாளை காலை தன்னை மசாஜ் தெரபிஸ்ட் என்று அழைத்துக்கொள்வதைத் தடுக்க நாடளாவிய சட்டமும் கிடையாது.

வாய்ப்புகள் வந்தபோதும் தவறவிடப்பட்டன. தேசிய இணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் 2021-இல் நிறைவேறியது. நெடுங்காலம் எந்த ஒழுங்குமுறைக்கும் உட்படாதிருந்த பிசியோதெரபி, தொழில்வழிச் சிகிச்சை, ஊட்டச்சத்தியல் முதலிய துறைகளை அது பத்து வகைப்பாடுகளாக அட்டவணைப்படுத்தியது. கல்வித் தரம், பதிவேடு, நன்னடத்தை விதிகள் ஆகியவற்றுக்கு வழிவகுத்தது. மசாஜ் தெரபிஸ்ட் அந்த அட்டவணையில் இல்லை. இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2020-இல் வந்தது. அது ஆயுர்வேத, சித்த, யுனானி மருத்துவர்களைப் பற்றியது. அவர்கள் எழுதித்தரும் சிகிச்சையைத் தம் கைகளால் செய்பவர்களைப் பற்றியதன்று. இந்த நிலையில்தான் 2023-இல் இந்திய மருத்துவ முறைகளில் சிகிச்சை பெற வரும் வெளிநாட்டவருக்கென்று ஆயுஷ் விசா உருவாக்கப்பட்டது. உலகம் இந்தியாவுக்கு வந்து எண்ணெய் தேய்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு விசா உண்டு. தேய்ப்பவருக்குப் பதிவெண் இல்லை. யோகா ஆசிரியர்களுக்கு ஆயுஷ் அமைச்சகம் 2018-இலேயே சான்றளிப்பு வாரியம் அமைத்துவிட்டது என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். தன் உடலை வளைத்துக் காட்டுபவருக்கு வாரியம் கிடைத்தது. பிறர் உடலைத் தொடுபவருக்குக் காவல் நிலையம் கிடைத்தது.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாண்டன? ஒண்டாரியோவில் 1991-ஆம் ஆண்டின் மசாஜ் தெரபிச் சட்டம் அந்தப் பணிப்பெயரையே பாதுகாக்கிறது. பதிவு பெறாதவர் அதைப் பயன்படுத்த முடியாது. பதிவேடு பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கைகளும் அதில் தெரியும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது: நியூயார்க் 1000 மணி நேரக் கல்வியைக் கோருகிறது, டெக்சாஸ் 500 மணி நேரத்தோடு நிறைவடைகிறது. தாய்லாந்தில் 2016-இன் சுகாதார நிலையச் சட்டம் மசாஜ் செய்பவரே பதிவு பெற வேண்டும் என்கிறது. அங்கே நலத்துக்கான மசாஜுக்கு 150 மணி நேரப் பாடத்திட்டம் ஒரு நுழைவாயில், மருத்துவ மசாஜுக்கு அதைவிட நீண்ட பயிற்சி. தாய் மசாஜ் 2019-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தபோது, அதன் பின்னால் பள்ளிகளும் பாடத்திட்டமும் தேர்வும் இருந்தன. ஜப்பானில் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குறைந்தது மூன்றாண்டுப் பயிற்சியும் தேசியத் தேர்வும் வேண்டும். மணிக்கணக்கு எதுவாக இருந்தாலும் இந்நாடுகள் அனைத்தும் ஒன்றில் உடன்படுகின்றன: தகுதி என்பது ஆளுக்கு உரியது.

இந்தியாவில் அந்தத் தெளிவு வராததற்குக் காரணம் வறுமையோ நிர்வாகச் சோம்பலோ மட்டும் அல்ல. தொடுதலைப் பற்றிய சாதியப் பார்வை அதன் அடியில் கிடக்கிறது. பிறர் உடலைத் தொட்டு, அழுக்கையும் மயிரையும் இரத்தத்தையும் கையாண்டவர்கள் இந்தச் சமூகத்தின் படிநிலையில் கீழே நிறுத்தப்பட்டார்கள். முடிதிருத்தியவர்களும் மகப்பேறு பார்த்த பெண்களும் பச்சிளங்குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவர்களும் ஊருக்கே மருத்துவம் பார்த்தார்கள். ஊர் அவர்களை வாசலில் நிறுத்தியது. தமிழ்நாட்டில் முடிதிருத்தும் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயரும் பிள்ளைப்பேறு பார்த்த பெண்ணுக்கு மருத்துவச்சி என்ற பெயரும் வழங்கிவந்தன. அறிவு அவர்களிடம் இருந்ததற்குச் சொல்லே சாட்சி. மதிப்பு அவர்களுக்குக் கிடைக்காததற்கு வரலாறு சாட்சி.

சித்த மருத்துவத்தின் புற மருத்துவ முறைகள் முப்பத்திரண்டில் தொக்கணம் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகையாக அது பகுக்கப்பட்டிருக்கிறது. கையின் ஒவ்வோர் அசைவுக்கும் தனிப்பெயர் இட்ட ஒரு மரபு, அந்த அசைவுகளைச் செய்யும் ஆளுக்குத் தேர்வும் பதிவும் தர இன்றுவரை முன்வரவில்லை. ஐந்தரை ஆண்டு பயின்ற மருத்துவர் தொக்கணத்தை ஏட்டில் படிக்கிறார். நாள்தோறும் எட்டுப் பேருக்கு அதைச் செய்பவர் ‘மசாஜ் பையன்’ என்றோ ‘மசாஜ் பொண்ணு’ என்றோ அழைக்கப்படுகிறார்.

ஷாம்பு என்ற ஆங்கிலச் சொல்லின் பயணம் இங்கே நினைவுகூரத்தக்கது. பிடித்துவிடு, அமுக்கு என்று பொருள்படும் ‘சாம்போ’ என்னும் இந்தி ஏவல்வடிவிலிருந்து பிறந்த சொல் அது. முதலில் அது ஆங்கிலத்தில் மசாஜையே குறித்தது. 1759-இல் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியல் நிலையம் நடத்தி, 1822-இல் இந்தக் கலையைப் பற்றி நூலும் எழுதினார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரு மன்னர்களுக்கும் அவர் ‘ஷாம்பு அறுவை மருத்துவர்’ என்ற நியமனம் பெற்றார். அதே வேலையைப் பாட்னாவின் தெருவிலோ கல்கத்தாவின் மைதானத்திலோ செய்தவருக்கு எண்ணெய்ப் புட்டியைத் தவிர வேறு அடையாளம் எதுவும் வாய்க்கவில்லை. 1957-இல் வெளிவந்த ‘பியாசா’ படத்தில் தலைக்கு எண்ணெய் தேய்ப்பவர் நகைச்சுவைப் பாத்திரமாக வருவதும், இரண்டாயிரத்துக்குப் பிந்தைய செய்தித்தாள்களில் மசாஜ் என்ற சொல் ‘சோதனை’, ‘கைது’ ஆகிய சொற்களுடன் சேர்ந்தே வருவதும் ஒரே தொடரின் இரு கண்ணிகள். வேலை ஒன்றுக்குக் கல்வி மறுக்கப்படும்போது அதன் பெயரே கொச்சையாகிவிடுகிறது. பிறகு அந்தக் கொச்சையைக் காட்டியே கல்வி மறுக்கப்படுகிறது.

தொழில்தரக் கோரிக்கைக்கு எதிராக எழும் வாதங்களில் சில வலுவானவை. முதலாவது: தரம், தேர்வு, பதிவு என்று தொடங்கினால் எழுதப் படிக்கத் தெரியாத பரம்பரைக் கலைஞர்களும் ஏழைப் பெண்களும் வெளியே தள்ளப்படுவார்கள், பணம் படைத்தவர்கள் அகாதமி தொடங்கிச் சான்றிதழ் விற்பார்கள். இந்த அச்சம் நியாயமானது. செவிலியர் பயிற்சியிலும் ஆசிரியர் பயிற்சியிலும் காசுக்குச் சான்றிதழ் விற்கப்பட்ட வரலாற்றை யாரும் மறக்கவில்லை. ஆனால் இதற்குத் தீர்வு தரமே வேண்டாம் என்பதன்று; தரத்தை அளக்கும் முறையைச் சரியாக அமைப்பது. கையால் செய்யும் வேலையைக் கையால் செய்துகாட்டும் தேர்வே அளக்க வேண்டும். அந்தத் தேர்வு தெரபிஸ்டின் தாய்மொழியில் வாய்மொழியாக நடக்க வேண்டும். இருபதாண்டாக உழிச்சில் செய்பவரை முதல் வகுப்பிலிருந்து உட்காரவைக்கக்கூடாது. முன்கற்றலை அங்கீகரிக்கும் ஏற்பாடு அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் ஏற்கெனவே இருக்கிறது. விலக்கு நிலைகளையும் சுகாதாரத்தையும் பற்றிய சிறு இணைப்புப் பயிற்சியுடன் அதை இங்கே விரிவாக்கலாம். கற்பிப்பவரும் தேர்வு வைப்பவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்ற ஒரே விதி சான்றிதழ் வணிகத்தின் பாதியை ஒழித்துவிடும்.

இரண்டாவது வாதம் பார்வையற்றோரைப் பற்றியது. இந்தியாவில் பார்வையற்றோருக்கு மசாஜ் பயிற்சி அளிக்கும் தொண்டு அமைப்புகள் உண்டு. கடுமையான விதிகள் அவர்களின் வாய்ப்பைக் குறைக்காதா? ஜப்பானின் அனுபவம் இதற்கு நேர் எதிரான பாடத்தைத் தருகிறது. அங்கே பதினேழாம் நூற்றாண்டில் சுகியாமா வாயிச்சி என்னும் பார்வையற்ற அக்குபங்சர் வல்லுநரின் காலந்தொட்டே பார்வையற்றோர் இத்தொழில்களில் முறையான கல்வி பெற்றுவருகிறார்கள். பார்வையுள்ளோருக்கான மசாஜ் பயிற்சிப் பள்ளிகளைப் புதிதாகத் தொடங்குவதைக் கட்டுப்படுத்தி, பார்வையற்றோரின் வாழ்வாதாரத்தைக் காக்கும் விதி 1964-இல் அங்கே சேர்க்கப்பட்டது. அது அரசியலமைப்புக்கு உட்பட்டதே என்று ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. தரமும் தேர்வும் சட்டமும் இருந்ததால்தான் அந்தப் பாதுகாப்பும் இயன்றது. ஒழுங்குமுறையே இல்லாத சந்தையில் பார்வையற்ற தெரபிஸ்டுக்கு இரக்கம் கிடைக்கும், உரிமை கிடைக்காது.

மூன்றாவது வாதம் பிசியோதெரபிஸ்டுகளிடமிருந்து வருவது: மசாஜ் தங்கள் துறையின் ஒரு பகுதி, தனித் தொழில் எதற்கு? நோயறிந்து மறுவாழ்வுச் சிகிச்சை திட்டமிடுவது அவர்கள் பணி என்பதில் ஐயமில்லை. அதனால்தான் மசாஜ் தெரபிஸ்டின் பணி எல்லை எங்கே முடிகிறது என்று எழுத்தில் வரையறுக்க வேண்டும். எல்லை எழுதப்படாத இடத்தில்தான் ஸ்பாக்காரர் தண்டுவடத்துக்கு வைத்தியம் பார்க்கிறார். வரையறை பிசியோதெரபிக்கு அரண், அச்சுறுத்தல் அல்ல.

இவை எல்லாவற்றுக்கும் மேலாகத் தெரபிஸ்டின் பாதுகாப்பு இருக்கிறது. பூட்டிய சிற்றறையில் அறிமுகமில்லாத ஒருவருடன் தனியே இருந்து வேலை செய்யும் பெண்ணின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் வரம்பு மீறினால் நிறுத்திவிட்டு வெளியேறலாம் என்று அவருக்குச் சொல்லித்தந்தவர் யார்? தேவையான பகுதியை மட்டும் திறந்து மற்றவற்றைத் துணியால் மூடியிருப்பது, தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடுவது, எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்ல இருவருக்கும் உரிமை உண்டு என்பது ஆகியவை தொழில்முறைக் கல்வியின் அரிச்சுவடிகள். அவை வாடிக்கையாளரைக் காப்பதைவிட அதிகமாகத் தெரபிஸ்டைக் காக்கின்றன. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வாடிக்கையாளரின் அத்துமீறலுக்கும் பொருந்தும் என்பது எத்தனை நிலையங்களில் பணியாளர்களுக்குச் சொல்லப்படுகிறது? ஒழுக்கக்கேடான கடத்தல் தடுப்புச் சட்டம், 1956 என்ற பெயரில் காவலர் நுழையும்போது, முறையாக வேலை பார்ப்பவருக்கும் சுரண்டப்படுபவருக்கும் வேறுபாடு காட்ட இன்று அவரிடம் ஓர் ஆவணமும் இல்லை. அவருடைய முகச்சாயலும் சொந்த மாநிலமுமே ஐயத்துக்குப் போதுமான காரணங்களாகிவிடுகின்றன. பதிவெண் ஒன்று இருந்தால் அவர் அதைக் காட்டலாம். ஐந்தாறு ஆண்டுகளில் கட்டைவிரல் மூட்டும் மணிக்கட்டும் தேய்ந்து வேலையை விடும்போதும், அது தொழில்சார் பாதிப்பு என்று கோர அவருக்கு ஒரு தொழில் அடையாளம் வேண்டும். கட்டைவிரலுக்குப் பதில் முழங்கையையும் உடல் எடையையும் எப்படிப் பயன்படுத்துவது என்பது கற்றுத்தரக்கூடிய ஒன்று. கற்றுத்தராததால் உடல்கள் உடைகின்றன.

கோரிக்கைகள் எளியவை. மசாஜ் தெரபியை 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் சேர்க்க வேண்டும். அல்லது அதற்கு இணையான பதிவேட்டை மாநிலங்கள் தொடங்க வேண்டும். ஸ்பா, பஞ்சகர்மா, தொக்கணம் என்று எந்த வாயில் வழியாக வந்தாலும் அனைவருக்கும் பொதுவான அடிப்படைப் பாடமும் செயல்முறைத் தேர்வும் வேண்டும். உடற்கூறியல், விலக்கு நிலைகள், ஒப்புதல், சுகாதாரம், மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய அறிகுறிகள் ஆகிய ஐந்தும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். மாநகராட்சி உரிமம் வழங்கும்போது கேமரா எத்தனை என்று கேட்கும் முன் பதிவு பெற்ற தெரபிஸ்டுகள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. உடலரசியல் பற்றியும் தொடுதலின் நிகழ்வியல் பற்றியும் ஆண்டுதோறும் கருத்தரங்குகள் நடக்கின்றன. அவற்றில் ஒன்றிலாவது, உழைக்கும் கைகளுக்கான பாடநூல் ஒன்று தமிழிலோ மணிப்புரியிலோ மிசோவிலோ எழுதப்பட வேண்டும் என்ற தீர்மானம் வந்தால் நல்லது. வலிச்சொற்களைத் தொகுக்க மொழியியல் துறைகளும், விலக்கு நிலைகளை எளிய மொழியில் எழுத மருத்துவக் கல்லூரிகளும், பரம்பரைக் கலைஞர்களின் கைமுறைகளைப் பதிவுசெய்ய நாட்டார் வழக்காற்றியல் துறைகளும் முன்வரலாம். இதற்குப் புதிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. கண்ணியத்தைக் கட்டுரையில் எழுதுவோர், மாலையில் தம் முதுகைப் பிடித்துவிடுகிறவருக்கு ஒரு வகுப்பறை கிடைக்க வேண்டும் என்று கேட்டால் போதும்.